தின்னு தொலை

அப்பா இறந்த பிறகு எங்கள் நாய் கறுப்பன் தட்டைத் தொடவில்லை. கூப்பிட்டால் எழுந்திருக்காது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்ததும் எனக்கு நிம்மதி. மாத்திரை போட்டால் சரியாகிவிடும்.

“மாத்திரை வேண்டாம்மா,” என்றார் கால்நடை மருத்துவர். “சுரப்பியில கோளாறு இல்ல. சாப்பாடு வரலைன்னதும் உடம்பு தானே அடுப்பைச் சின்னதா வச்சுக்கிட்டிருக்கு. இப்ப மாத்திரை குடுத்தா மிச்சமிருக்கறதையும் எரிச்சுத் தீர்த்துடும். முதல்ல சாப்பிட வைங்க, அது தானா ஏறும்.”

“கண்ணு, ராசான்னு கெஞ்சிப் பாத்தாச்சு டாக்டர்.”

“அப்பா என்ன சொல்லித் தட்டை வைப்பாரு?”

சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்பாவுக்கு அன்பாகப் பேச வராது. தட்டை டங்கென்று வைத்து, “தின்னு தொலை” என்பார். வீட்டில் எல்லோருக்கும் அதே உபசாரம்தான்.

வீட்டுக்கு வந்து தட்டை டங்கென்று வைத்தேன்.

“தின்னு தொலை.”

கறுப்பன் தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தது. பிறகு மெல்ல நக்க ஆரம்பித்தது.

அம்மா நல்ல வெயிலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் கெஞ்சி வைத்த தட்டு அவள் முன்னால் அப்படியே காய்ந்து கிடந்தது.

அதை எடுத்துவிட்டு, சூடாக வேறு போட்டுக் கொண்டுவந்து டங்கென்று வைத்தேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதையும் சொல்லு,” என்றாள்.