பதிலுக்கு ஒரு பந்து

முட்டை தரையில் விழுந்து உடைந்த பிறகுதான் அது தன் கையில் இல்லை என்பது ராய்ஸ் டிலார்டுக்குத் தெரிந்தது. அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருந்தது. வலது தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியிருந்தான். அர்க்கன்சாவிலிருந்து அவன் மனைவி மார்லா மகளுக்குப் பல்லில் கம்பி கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன சத்தம்?"

"முட்டை. தவறிடுச்சு."

"கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கு."

மார்லா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் எந்தப் பயல் என்ன சேட்டை செய்கிறான் என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்புறம் பல் கம்பிக்கே திரும்பிவிட்டாள். அவள் விட்டுவிட்டது ராய்ஸுக்கு நிம்மதியாக இருந்தது. விட்டுவிட்டாளே என்று வருத்தமாகவும் இருந்தது.

அணியின் இளவேனில் பயிற்சி முகாமிலேயே ஆரம்பித்த வினை இது. அவன் பந்து வீசுகிற இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் முதலில் பந்து வீசி முடித்த பிறகு மட்டும் மரத்துப்போயின. பிறகு காலையில் எழும்போதே மரத்திருந்தன. இப்போது நாள் முழுக்க யாருடைய விரல்களோ போலத் தொங்குகின்றன. முழங்கை நரம்புதான், டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தை விரட்டுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் என்றாலும், கீழேயிருந்து முட்டுக் கொடுப்பது மோதிர விரல். அந்த முட்டு இல்லாவிட்டால் பந்து அதன் இஷ்டத்துக்குப் போகும். பத்துப் பந்து சொன்ன இடத்துக்குப் போகும், பதினோராவது எங்கே போகும் என்று கடவுளுக்கே தெரியாது. போன வாரம் ஆட்டத்துக்கு முன்னால் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது ஒன்று, எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் தலைக்கு மேல் எகிறி, வேலியைத் தாண்டி, வெளியே நின்ற யாருடைய காரின் கண்ணாடியையோ பெயர்த்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக ராய்ஸ் சிரித்தான்.

அவனுக்கு முப்பத்தைந்து வயது. பேஸ்பாலில் அது தாத்தா வயது. டொலீடோ, டகோமா, எல் பாசோ, குளிர்காலத்தில் மெக்சிகோவின் எர்மோசியோ, ஒரு வருஷம் தைவான் என்று பெட்டியும் கையுமாகச் சுற்றியவன். எந்த ஊரிலும் திரைச்சீலை வாங்கி மாட்டியதில்லை. மாட்டினால் மறுவாரமே வேறு அணிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு பயம். இருபத்தாறு வயதில் ஒரே ஒரு கோடை மட்டும் பெரிய லீக்கில் இருந்தான். அங்கே ஆட்டக்காரன் தன் பெட்டியைத் தானே தூக்க வேண்டியதில்லை. பிறகு கீழே அனுப்பினார்கள், மறந்தார்கள். இப்போது ஒமாஹாவில், பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே, நாளைக்கு மேலே போகப்போகும் பொடியன்களுக்கு மத்தியில் காத்துக்கிடக்கிறான். இதுதான் கடைசி வருஷம் என்று மார்லாவிடம் சத்தியம் செய்திருக்கிறான். போன வருஷமும் செய்தான்.

கையை மறைத்ததற்கு அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. இங்கே சொன்னால் தோளில் தட்டி, டிக்கெட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே போய், அங்கே ஒரு பந்தாவது போட்டுவிட்டு 'கை போச்சு' என்று விழுந்தால், அறுவை சிகிச்சையிலிருந்து சம்பளம் வரை அவர்கள் பொறுப்பு. இதை அவன் கண்டுபிடிக்கவில்லை. எத்தனையோ பேர் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படி மேலேறியதைப் பார்த்திருக்கிறான்.

அன்று ஞாயிறு, மதிய ஆட்டம். மேலாளர் ஹாலோரன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"மேல இடது கையால பந்து போடறவன் ஒருத்தன் இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டான். ஆள் கேக்கறாங்க. நான் ஒன் பேரச் சொல்லியிருக்கேன். ஒனக்காகவே மேலேந்து ஒருத்தர் வந்து ஒக்காந்திருக்கார், பந்தடிக்கற தட்டுக்குப் பின்னாடி மூணாவது வரிசை, வைக்கோல் தொப்பி. திரும்பித் திரும்பிப் பாத்துத் தொலைக்காத."

"பாக்க மாட்டேன் சார்."

"ஒழுங்கா ஒரு இன்னிங்ஸ் போடு. அவ்ளோதான்."

அவன் சட்டை மாற்றி வருவதற்குள் சேதி இரண்டு அணியிலும் பரவியிருந்தது. டாரியல் ஓடி வந்து அவன் முதுகில் ஏறிக்கொண்டான். இருபத்திரண்டு வயது தொமினிக்கன் பையன், ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் நின்று பந்தைத் தடுக்கிறவன், வாய் ஓயாது. "பெருசு மேல போகுதுடோய்! பல் செட்டைப் பெட்டில வச்சாச்சா?" என்று கத்தினான். ராய்ஸுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிக்கும். தன் இருபத்திரண்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததா என்று யோசித்துப் பார்த்திருக்கிறான், ஞாபகம் வந்ததில்லை.

முந்தின நாள் டாரியல் ஒரு பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டு, அது போவதை நின்று நிதானமாக ரசித்துவிட்டு, மட்டையைச் சுழற்றி வீசிவிட்டு நடந்திருந்தான். எதிரணிக்காரர்கள் அதை மறக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் அவர்களுடைய பிட்சர் போட்ட பந்து நேராக டாரியலின் வலது கையில் வந்து இறங்கியது. மட்டையோடு சேர்த்து நசுங்கிய சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. பையன் மண்டியிட்டு, கையை வயிற்றில் பொத்திக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்பயர் இரண்டு பக்கத்தையும் அழைத்து, இனி ஆளைக் குறிவைத்துப் போடுகிறவன் வெளியே போவான் என்று எச்சரித்தார்.

வெளியே போனால் ஆடத் தடை. தடையில் இருக்கிறவனை மேலே கூப்பிட மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பதிலுக்கு ஒரு பந்து போட்டே ஆக வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. நம் ஆளை அடித்தால் அவர்கள் ஆளில் பெரிய கையாகப் பார்த்து அடிக்க வேண்டும், விலாவுக்குக் கீழே, சதையில். அடிபட்டவன் தேய்த்துக்கொண்டே நடப்பான், விவகாரம் அதோடு முடியும். அடுத்த இன்னிங்ஸில் முதலில் ஆட வருகிறவன் கில்கோர், எதிரணியிலேயே பெரிய கை, இடது கை ஆட்டக்காரன். போடப்போகிறவன் ராய்ஸ்.

ஹாலோரன் பந்தை ராய்ஸ் கையில் வைக்கும்போது, "நீ எத்தனையோ வருஷமா இதுல இருக்கற. நான் சொல்ல என்ன இருக்கு" என்றார்.

ராய்ஸ் அந்தச் சட்டத்தை மதிக்கிறவன். வாலிபத்தில் இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறான், பின்பக்கத்தில் பூ வைத்த மாதிரி. இன்றைக்கும் செய்யக்கூடியவன்தான். தடைக்குப் பயந்து பின்வாங்க மாட்டேன் என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தான், பாதி நம்பினான். ஆனால் தொடைக்கு என்று போடும் பந்து தொடைக்குத்தான் போகுமா? எர்மோசியோவில் ஒருவனுக்குக் கன்னத்தில் பட்டதை அவன் பக்கத்திலிருந்து பார்த்தவன். அந்த முகம் பிறகு பழைய முகமாக ஆகவே இல்லை. பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றான். இத்தனை வருஷத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பயந்தது அதுதான் முதல் தடவை.

கில்கோருக்கும் விஷயம் தெரியும். முழங்கையை உள்ளே இழுத்து, இடுப்பை லேசாகத் திருப்பி, அடி வாங்கத் தயாராக வந்து நின்றான். கேட்சர் எப்ரெயின் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே கட்டைவிரலை ஆட்டக்காரன் பக்கம் சுண்டினான், 'அவனை அடி' என்ற சைகை. ராய்ஸ் தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி கட்டைவிரல். மறுபடி மறுத்தான். அப்புறம் வெளிப்பக்கமாக, கில்கோரிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒரு பந்து போட்டான். தட்டின் ஓரத்தைத் தொட்டுப் போனது.

"ஸ்ட்ரைக்!" என்று அதைச் சரியான பந்தாக அறிவித்தார் அம்பயர்.

கில்கோர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "என்னப்பா, பயமா, பெட்டி கட்டியாச்சா?"

எப்ரெயின் முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்தான். முப்பது வயதுக்காரன். டாரியலுக்கு ஊர்க்காரன், தூரத்து உறவும்கூட. வாயைக் கையுறையால் மறைத்துக்கொண்டு பேசினான்.

"என்ன பெருசு பண்ற? நம்ம புள்ள கையை ஒடச்சிருக்கானுங்க."

"தெரியும்."

"தொப்பிக்காரனுக்காகவா? நீயா இப்படி?"

ராய்ஸ் தானும் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டான். "ரெண்டு விரலு செத்துப்போச்சு எப்ரெயின். மார்ச்லேந்து. தொடைக்குன்னு போட்டா அவன் மண்டைக்குப் போகும். கொன்னாலும் கொன்னுடுவேன்."

எப்ரெயின் அவன் கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள். "அந்தக் காரு கண்ணாடி…" என்றான். பிறகு ஸ்பானிஷில் மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "சரி. எல்லாம் வெளிப்பக்கம் போடு. தாழப் போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். கில்கோர் தரையோடு தட்டி ஆட்டமிழந்தான். மூன்றாவது ஆளுக்குப் போட்ட பந்து ஒன்று நழுவிப் போய் மண்ணில் குத்தி எகிறியது. எப்ரெயின் அதை நெஞ்சில் வாங்கி, வேண்டுமென்றே தாழ்த்திப் போட்ட பந்து என்பதுபோலத் தலையாட்டிப் பாராட்டினான். மூன்று பேரும் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. வைக்கோல் தொப்பிக்காரர் எதையோ குறித்துக்கொண்டதை, பார்க்கக்கூடாது என்று சொல்லியும் ராய்ஸ் பார்த்துவிட்டான்.

பெஞ்சில் அவன் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான், திரும்ப வரவில்லை. இந்தப் பக்கம் இருந்தவன் கையுறையைத் தேடிப் போனான்.

ஆட்டம் முடிந்து ஹாலோரன் கூப்பிட்டார். "போ. சரின்னுட்டாங்க. சாயங்காலம் விமானம்." கை கொடுக்கவில்லை. மேசையில் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "அந்த மொதப் பந்தப் பத்தி நான் ஒன்னும் கேக்கல."

"கேளுங்க சார்."

"கேட்டா நீ சொல்லிடுவ. அப்புறம் நான் மேல போன் போட்டு நிறுத்த வேண்டியிருக்கும். போய்ட்டு வா."

ஒருவன் மேலே போகிறான் என்றால் உடை மாற்றும் அறை ரகளையாகிவிடும். அலமாரிகளைத் தட்டுவார்கள், தலையில் பீர் ஊற்றுவார்கள், சவர நுரையை முகத்தில் அப்புவார்கள். அன்று ராய்ஸ் பெட்டியில் துணிகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டக்கர் என்ற இளம் பிட்சர், யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வித்துட்டான்யா. ஒரு விமான டிக்கெட்டுக்கு நம்ம ஆள வித்துட்டான்."

"டேய், ஒனக்கு என்னடா தெரியும்?" எப்ரெயின் துள்ளி எழுந்தான். அறை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. சொல்லிவிடவா என்று அவன் ராய்ஸைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். இத்தனை முகமும் மாறிவிடும். ஆனால் அந்த வார்த்தை சுவர் தாண்டி ஹாலோரன் காதுக்குப் போகும், விமானம் அவன் இல்லாமல் போகும். மார்லா, பல் கம்பி, அறுவை சிகிச்சை எல்லாம் ராய்ஸுக்கு நினைவு வந்தன. வெட்கமில்லாமல், பெரிய லீக்கின் பச்சைப் புல்லும் நினைவு வந்தது. வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தான்.

எப்ரெயின் உட்கார்ந்தான். "ஆமா. என்னத்தச் சொல்ல" என்றான். அவன் குரலிலும் இப்போது கொஞ்சம் வெறுப்பு இருந்தது, அது பொய்யில்லை.

கதவு திறந்தது. டாரியல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொங்கியது. மருந்து மயக்கத்தில் கண்கள் சொருகியிருந்தன. நேராக ராய்ஸிடம் வந்தான். யாரோ ஒருவன் இருமினான்.

"கார்ல வரும்போதே எல்லாம் சொன்னானுங்க பெருசு. பரவால்ல. எனக்கு இந்த வாய்ப்பு வந்திருந்தா நானும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். சத்தியமா."

"டாரியல்…"

"பேசாத. அங்க போய் நல்லாப் போடு. எனக்கு ஒரு எடம் புடிச்சு வையி, வந்துடறேன்."

அவனால் வலது கையைக் கொடுக்க முடியாது. இடது கையை நீட்டினான். ராய்ஸும் இடது கையைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. பையன் கையை இறுக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே ஒரு குலுக்குக் குலுக்கினான். ராய்ஸ் தன்னால் முடிந்த மட்டும் திருப்பி இறுக்கினான். சிரிப்பு மாறாமல் டாரியல் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். இரண்டு விரல்கள் அவன் கையைப் பிடிக்காமல், தனியே நீட்டிக்கொண்டு நின்றன.