முந்திரி டப்பாவும் நாற்பது சாட்சியும்

அருப்புக்கோட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வெள்ளத்துரைக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கடைக்குள் தொங்கிய நாலு கேமராக்களும் அப்படித்தான் தப்பின. மாட்டிப் பன்னிரண்டு வருடம், கெட்டுப்போய் ஐந்து வருடம். பார்த்தால் ஒரு பயம் இருக்குமே என்று ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துடைத்துப் பொட்டு மட்டும் வைத்துவந்தார்.

பயம் யாருக்கும் இல்லை என்பதை முந்திரி டப்பா சொன்னது. சில்லறை விற்பனைக்கென்று கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்த டப்பா அது. காலையில் நிறைத்தால் சாயங்காலம் கால்வாசி இறங்கிவிடும். விற்றதோ அவ்வளவு இல்லை. டப்பாவுக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி, இன்னொருவர் இருபது வருடமாகச் சரக்கு நிறுத்துப் போடும் ஆண்டிச்சாமி. முதலாளி தன் கடையிலேயே திருட மாட்டார் அல்லவா, ஆகவே விசாரணை சுலபமாக முடிந்தது.

"நீதானய்யா எடுக்கிற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

ஆண்டிச்சாமி தூக்கிய மூட்டையைக் கீழே வைத்தார். "கேமராவச் சரிபண்ணிப் பாருங்க மொதலாளி. நான்னு தெரிஞ்சா எங்க ஊரு ரெட்டியபட்டி ஆட்டோவுல ஏறிப் போயிட்டே இருக்கேன். பெறகு இந்தப் பக்கம் வரமாட்டேன்." அன்று மத்தியானம் அவர் கொண்டுவந்த சோற்றைத் திறக்கவே இல்லை.

கேமரா வேலை பார்க்கும் தங்கமாரி ஏணியோடு வந்தாள். பழைய கேமராக்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, இதெல்லாம் கழட்டிட்டுப் புதுசு போட்டுருவோமா?"

"தொங்குறது தொங்கட்டும்மா. அதையே பார்க்க வை."

அவளும் சளைத்தவள் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த சிலந்தி வலையைத் துடைத்தாள். வயர் நுனியில் துருப்பிடித்த பின்களை வெட்டி எறிந்து புதுசு மாட்டினாள். கரண்ட் கொடுக்கும் அடாப்டரை மாற்றினாள். பழைய கேமரா எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பதிவு செய்து போனுக்கும் அனுப்புகிற புதுப் பெட்டி ஒன்றைக் கல்லாவுக்கு மேல் வைத்தாள். நாலும் உயிர் பிழைத்தன. ஆனால் வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை எல்லாமே படத்தில் ரோஸ் கலராகத் தெரிந்தன.

"பொட்டிதான் அண்ணாச்சி புதுசு. கேமரா கண்ணுல பொறை விழுந்துருச்சு. ஆளு தெரியும், மூஞ்சி தெரியாது. பேச்சும் கேக்காது."

"திருடனப் பிடிக்க ஆளு தெரிஞ்சாப் போதும்மா."

அவள் போனதும் நல்ல நேரம் பார்த்துப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மார்க்கரால் பிள்ளையார் சுழி போட்டு அதன் கீழே 'லாபம்' என்று எழுதினார். மறந்துவிடக் கூடாதே என்று அதற்கும் கீழே பாஸ்வேர்டை எழுதினார். வீட்டில் எது புதிதாக வந்தாலும் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவது வழக்கம், எனவே பெட்டியையும் படம் எடுத்துப் போட்டார். போனில் இணைப்பதற்கான ஸ்கேன் ஸ்டிக்கர், சந்தனத்துக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை விருதுநகரிலிருந்து குவைத் வரைக்கும் நாற்பது சொந்தக்காரர்கள் போன் வழியாகக் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "உளுந்து மூட்டை மேல எலி ஓடுது" என்றது ஒரு போன். "சாமி படத்துல மாலை காஞ்சு கெடக்கு" என்றது இன்னொன்று. வெள்ளத்துரைக்கு எரிச்சல்தான். ஆனாலும் திருடனைப் பிடிக்க நாற்பது சாட்சி கிடைத்தால் கசக்குமா? பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, முந்தின நாள் பதிவை ஓட்டிப் பார்த்தார். சிக்கிவிட்டான். ரோஸ் கலர் உருவம் ஒன்று டப்பாவுக்குள் கைவிடுகிறது, பருப்பை மேலே தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கிறது. ஒரே நாளில் பதினொரு தடவை. ரத்தம் கொதித்தது. அந்தத் துண்டை வெட்டிக் குரூப்பில் போட்டு, 'சோறு போட்ட கடையில் ஆண்டிச்சாமி செய்யும் வேலையைப் பாருங்கள்' என்று எழுதினார். பிறகு திரும்பி, "ஆட்டோ பிடிய்யா" என்றார்.

ஆண்டிச்சாமி ஆணியில் மாட்டியிருந்த சோற்றுப் பையை எடுத்தார்.

போன் அடித்தது. விருதுநகரிலிருந்து அக்கா தங்கச்செல்வி.

"தம்பி, படத்துல இருக்கிறது யாரு?"

"ஆண்டிச்சாமிதான்க்கா. வேற யாரு?"

"மேல தூக்கிப்போட்டு வாயில பிடிக்கிறான் பாரு. பொரிகடலைய அப்படி வீடெல்லாம் எறைச்சுத்தானடா நீ அப்பாகிட்ட அடி வாங்குவ?"

"அக்கா, டாக்டர் கொழுப்புன்னு சொன்னதுலருந்து முந்திரியத் தொட்டே மூணு வருசம் ஆச்சு."

"சரி. இப்ப உன் வலது கை எங்க இருக்கு?"

வெள்ளத்துரை குனிந்து பார்த்தார். இடது கை போனைப் பிடித்திருந்தது. வலது கை டப்பாவுக்குள் இருந்தது. வாயோ முந்திரியை மென்றுகொண்டிருந்தது. முந்தின நாள் வந்த போன்களை எண்ணினார். பதினொன்று.

ஆண்டிச்சாமி பையோடு வாசல்படியில் நின்றார்.

"உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"வேலைக்குச் சேந்த அன்னையிலருந்து. போனு வந்தா ஒங்க கை அங்கதான் போகும்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"ஒங்க முந்திரிய நீங்க திங்கிறீக, அதுல நான் சொல்ல என்ன இருக்கு? என்னையக் கேட்ட அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா மொதலாளி?"

வெள்ளத்துரைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நம்பியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்ததுதான் கொடுமை. "தப்பு எம்மேலதான்யா" என்றார். ஆனால் பழி சொன்னது நாற்பது பேர் முன்னால், கேமராவுக்கோ காது கிடையாது. ஆகவே கல்லாவை விட்டு இறங்கி, கேமராவுக்கு நேராக இடம் பார்த்து நின்று, ஆண்டிச்சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன மொதலாளி இது" என்று பதறிய ஆண்டிச்சாமி, பதிலுக்குத் தானும் கும்பிட்டுவிட்டார்.

போன் அடித்தது. குவைத்திலிருந்து அக்கா மகன் கோகுல். "மாமா, படம் மங்கலா இருக்கு. யாரு யாரைக் கும்பிடுறீகன்னே தெரியல. இன்னொரு தடவை கும்பிடுங்க."

வெள்ளத்துரை போனை அணைத்துக் கல்லாவுக்குள் போட்டார். இந்தத் தடவை கேமரா எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆண்டிச்சாமியின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆண்டிச்சாமி வாசல்படியை விட்டு உள்ளே வந்தார். பிறகு பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். முந்திரி டப்பாவை எடுத்து இறுக்கி மூடி, முதலாளிக்கு எட்டாத அலமாரியில் தூக்கி வைத்தார்.