ஐந்தாம் கிண்ணம்

குன்ஸோ தகெஹாராவுக்குத் தன் ஆலையின் சாக்கே என்னும் அரிசி மதுவைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேச வரும். பேரிக்காய் வாசம் என்பார். பனி உருகி ஓடிய தண்ணீர் என்பார். நாக்கில் பட்டுத் துணி, தொண்டையில் நிலா என்பார். ஒரு புட்டி வாங்க வந்தவன் ஆறு புட்டியைச் சுமந்துகொண்டு போவான். வீட்டில் அவர் குடிப்பது பீர்.

இதை அவர் குறையாக நினைத்ததே இல்லை. செருப்புக் கடைக்காரன் கடையிலுள்ள செருப்பையெல்லாம் போட்டுக்கொண்டா நடக்கிறான்? ஆக்குவதற்கு ஹத்சுமி இருக்கிறாள், விற்பதற்கு நாம் இருக்கிறோம். பதினோரு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

ஹத்சுமி தொகுனாகா அவருடைய தோஜி, சாக்கே ஆக்கும் வேலைக்குத் தலைவி. ஆலையில் அரிசி வேகும் முதல் நாளிலிருந்து தொட்டி நிறையும் கடைசி நாள் வரை அவள் வைத்ததுதான் சட்டம். நவம்பரில் கடலோரத்திலிருந்து வருவாள், ஏப்ரலில் திரும்பிப் போய் அண்ணனோடு சேர்ந்து சிப்பி வளர்ப்பாள். பெண்பிள்ளை நிழல் பட்டாலே தொட்டி புளித்துவிடும் என்று பேசிய ஊர் இது. அப்படிப் பேசியவர்களின் வாயைப் பதினோரு குளிர்காலத்தில் அவள் மெல்ல மெல்ல அடைத்திருந்தாள். இந்த வருஷம் முதல் தடவையாக லேபிளில் அவள் பெயரும் ஏறியிருந்தது. "நனைந்த கொக்கு, இலையுதிர்கால சாக்கே. தோஜி: ஹத்சுமி தொகுனாகா." அவள் கேட்டு வாங்கிய ஒரே சலுகை அதுதான். குன்ஸோவும் உடனே ஒத்துக்கொண்டார். பெண் பெயர் போட்டால் ஓசாகாக்காரர்கள் இரண்டு புட்டி கூடுதலாக எடுப்பார்கள் என்பது அவர் கணிப்பு.

வடக்கே ஒரு பெரிய ஆலை அவளை அழைத்திருக்கிறது என்று காற்றுவாக்கில் அவர் காதுக்கும் வந்திருந்தது. வருகிற நவம்பருக்கு அவள் வருவாளா மாட்டாளா என்பது திருவிழா முடிவில் தெரிந்துவிடும். எப்போதும் அன்றைக்குத்தான் அவள் வாக்குக் கொடுப்பாள்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. மற்ற நாளில் ரயில் நின்று போவதே பெரிசு என்றிருக்கும் கமினோ ஊரில் அன்று கால் வைக்க இடமில்லை. எட்டு ஆலைகளின் செங்கல் புகைபோக்கிகளுக்குக் கீழே எட்டுத் தெருக்களிலும் பந்தல். சிப்பி சுடும் புகை, சாக்கே ஊற்றிக் கோழி வேகும் சட்டிகளின் ஆவி, கஷ்கொட்டை போட்ட சோறு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட குட்டிக் கிண்ணத்தோடு டோக்கியோ ஆட்கள் காலை பத்து மணிக்கே சிவந்த முகத்தோடு திரிந்தார்கள்.

திருவிழாவைத் திறந்து வைப்பதற்கு ஊரில் ஒரு விளையாட்டு உண்டு. மேடையில் எட்டு வெள்ளைக் கிண்ணம். உள்ளே அடியில் நீல வளையம், வெளியே எண், வேறு அடையாளம் கிடையாது. எட்டு முதலாளிகளும் வரிசையாக முகர்ந்து, கொப்புளித்து, வாளியில் துப்பிவிட்டுத் தத்தம் சரக்கு எது என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் ஒருவர்கூடத் தவறியதில்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் அடையாளம் காட்டுவதைவிட அது கஷ்டமான காரியம் அல்ல. குன்ஸோவுக்கு இன்னும் சுலபம். பேரிக்காய் வாசம் எதில் வருகிறதோ அதைக் காட்டுவார், முடிந்தது.

நகைச்சுவைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பதால் ஒலிபெருக்கியை எப்போதும் அவரிடமே கொடுப்பார்கள். முதல் கிண்ணத்தை முகர்ந்தார்.

"இது நம்ம இவாகி அண்ணனோடது. அவரைப் போலவே, முன்னால மரியாதை, பின்னால காரம்."

கூட்டம் சிரித்தது. பக்கத்து ஆலை இவாகி, "உன் வாயை ஒரு நாளைக்கு வாளியில போட்டு மூடறேன் பாரு" என்றார்.

இரண்டாவதில் பேரிக்காய் மணத்தது. குன்ஸோ மனதுக்குள் குறித்துக்கொண்டார். மூன்று, நான்கு. ஐந்தாவது கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். ஊறுகாய் முள்ளங்கி. பழைய முள்ளங்கியை மூடிவைத்த ஜாடியைத் திறந்தால் வருமே, அந்த வீச்சம். வாயில் விட்டால் இன்னும் மோசம். கூட்டத்துக்குக் கேட்கும்படி துப்பினார்.

"யாரு சாமி இது? சாக்கே கேட்டா ஊறுகாய்த் தண்ணியக் குடுத்திருக்கீங்க! இதை ஆக்குன தோஜிக்கு மூக்குல ஜலதோஷமா, இல்ல மூளையிலயா? அய்யா, அந்த முதலாளி யாரா இருந்தாலும் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த ஆளை ஊறுகாய்க் கடையில சேத்துவிடுங்க. அங்க நல்லா முன்னுக்கு வருவான்!"

திருவிழா முழுக்க அதிர்ந்தது. ஒரு தாத்தா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சிப்பியைத் தவறவிட்டார். குன்ஸோ இரண்டாவது கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கி, "என் பிள்ளை இதுதான்" என்றார்.

நகராட்சி அலுவலகத்துப் பெண் உறையைப் பிரித்தாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இரண்டு... இவாகி ஐயா ஆலை. ஒண்ணு, மலையடி ஆலை. ஐந்து..." அவள் குரல் சுருங்கியது. "நனைந்த கொக்கு."

சட்டிகள் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

குன்ஸோவுக்கு அந்தக் கணமே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆகஸ்டில் மூதாதையர் விழாவுக்கு ஆலையைப் பூட்டியபோது, பன்னிரண்டு நாள் யாரும் இல்லாத கட்டிடத்துக்கு எதற்குக் குளிர்சாதனம் ஓட வேண்டும் என்று கிடங்கின் விசையை அவர் கையாலேயே கீழே தள்ளியிருந்தார். உள்ளே அவளுடைய தொட்டி கோடையை உறங்கிக் கழித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அவள் கடலோரத்திலிருந்து போனில் கூப்பிட்டு, "முதலாளி, புட்டியில அடைக்கிறதுக்கு முன்னால ஒரு வாய் பாத்தீங்களா? எதுக்கும் நான் ஒரு நடை வந்துட்டுப் போகவா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, பாத்துட்டேன். பேரிக்காய்தான் போ" என்று சொல்லியிருந்தார். பார்க்கவில்லை. அன்றைக்கு லேபிள் அச்சடிக்கிறவனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கீழே கூட்டத்தில் ஒருவர் பேசியது அமைதியில் தெளிவாகக் கேட்டது. "அங்க பொம்பளதானே தோஜி? அப்பவே சொன்னோம்."

"பேரை வேற லேபிள்ல போட்டுருக்காங்களாம்" என்றார் இன்னொருவர்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஹத்சுமி படியேறி வந்தாள். காலை ரயிலில் வந்தவள், சாம்பல் நிறச் சட்டை, தோளில் பை இன்னும் இருந்தது. ஐந்தாம் கிண்ணத்தை எடுத்தாள், முகர்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பார்வை ஒரு முறை குன்ஸோவிடம் வந்து போனது. முள்ளங்கி வாசம் எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? வெப்பத்திலிருந்து வரும்.

பிறகு கூட்டத்தைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தாள்.

"தப்பு என்னோடதுங்க. எல்லாரும் மன்னிக்கணும்."

அது குன்ஸோ வாயைத் திறக்க வேண்டிய இடம். ஒலிபெருக்கிகூட அவர் கையில்தான் இருந்தது. ஒரு பொருளை விற்கும்போது எந்தக் கணத்தில் பேச வேண்டும், எந்தக் கணத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பழக்கம்தான் வேலை செய்திருக்க வேண்டும். அவர் பேசவில்லை. அவள் பக்கத்தில் நின்று தானும் குனிந்தார், ஆனால் பாதிதான் குனிந்தார். வேலையாள் செய்த பிழைக்கு முதலாளி குனிகிற அளவு அது. ஊரில் எல்லோருக்கும் அந்த அளவு தெரியும்.

கூட்டம் கைதட்டியது. நல்ல முதலாளி என்று தட்டியது.

பந்தலுக்குத் திரும்பியவருக்குக் காது இரண்டும் எரிந்தன. அறுபத்திரண்டு வயதில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவாகி ஒரு தட்டில் சுட்ட சிப்பியோடு வந்து, "விடுப்பா. தோஜிய மாத்திட்டா சரியாப் போச்சு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்படித் தட்டியதற்குப் பதில் அவர் அறைந்திருந்தால் குன்ஸோ தாங்கியிருப்பார். சிப்பியைத் தொடாமல் மேசையில் ஒதுக்கி வைத்தார்.

தெருவுக்கு எதிரே கிணற்றடியில் ஹத்சுமி நின்றிருந்தாள். தெரிந்தவர்கள் அவளைக் கடந்தபோது தலையை மட்டும் அசைத்துவிட்டு நடையை விரைவாக்கினார்கள். போன வருஷம் இதே ஆட்கள் அவள் கிண்ணத்தை நிரப்புவதற்கு முண்டியடித்தார்கள்.

இரண்டு மணிக்கு அவர் மேடைக்குப் போனார். காணாமல்போன குடையைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. அந்த அஞ்சாம் கிண்ணம் கெட்டது என்னாலதான். கரண்டு மிச்சம் பிடிக்கிறேன்னு கிடங்குல குளிர்சாதனத்த நான் அணைச்சேன். பன்னிரண்டு நாள். அப்புறம் ருசி பாத்தேன்னு அந்தம்மாகிட்ட பொய் சொன்னேன். அவங்க ஆக்குனது தங்கம். ஊறுகாயாக்கினவன் நான். அது கெட்ட சரக்கு."

கூட்டத்தில் யாரோ, "வந்துட்டார்யா நம்ம குன்ஸோ!" என்று கத்தினார்கள். சிரிப்பு வெடித்தது.

"பொய் இல்லைங்க, நிஜமாச் சொல்றேன்!"

"நிஜமாச் சொல்றாராம்ல!" ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார். "போன வருஷம் விளிம்பு உடைஞ்ச கிண்ணத்தையெல்லாம் நிலநடுக்க ஞாபகார்த்தம்னு வித்த ஆளுதானே நீங்க? இந்த வருஷம் ஊறுகாய் சாக்கேயா!"

"அண்ணே, எனக்கு ரெண்டு எடுத்து வைங்க. ஆபீஸ்ல காட்டணும்."

பந்தலுக்கு அவர் திரும்புவதற்குள் வரிசை நின்றுவிட்டது. மேசையில் அடுக்கியிருந்த புட்டிகள் அவர் இல்லாமலே குறைந்துகொண்டிருந்தன. உதவிக்கு நின்ற அக்காள் மகள், "மாமா, என்ன சொன்னீங்க அங்க? அள்ளிட்டுப் போறாங்க!" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் ஒருவர் நோட்டை நீட்டினார், குன்ஸோவின் கை நோட்டை வாங்கியது, புட்டியைத் தாளில் சுற்றியது, நாக்கு தானாக, "சாப்பிட்டு முடிச்சப்புறம் குடிங்க, அப்பத்தான் குணம் தெரியும்" என்றது. நாற்பது வருஷம் பழகிய கை. தலை ஒன்று நினைத்தது, கை வேறொன்றைச் செய்தது. கொஞ்ச நேரத்தில் தலையும் கையோடு சேர்ந்துகொண்டது. நடுவில் ஒருவரிடம், "முகர்ந்து பாக்காதீங்க, காதல் வந்துரும்" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவர்கள் சிரித்தபோது அவருக்கும் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"எனக்கு ஒண்ணு குடுங்க."

நிமிர்ந்தார். ஹத்சுமி. வரிசையில் நின்று, முறைப்படி, தன் முறை வந்து நின்றிருந்தாள். விலைக்குச் சரியான தொகையை மேசைமேல் வைத்திருந்தாள்.

"என்னம்மா இது... உனக்கு எதுக்கு..."

"லேபிள்ல என் பேரு இருக்குல்ல முதலாளி." குரலில் கோபமே இல்லை, கடையில் எள்ளெண்ணெய் கேட்கிற குரல். "ஒண்ணாவது வெளிய சுத்தாம இருக்கட்டும்."

அவருடைய கை நின்றது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, சுற்றுவதற்கு எடுத்த தாளைப் பிடித்தபடி நின்றது.

"நவம்பருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அத இன்னைக்குக் கேக்காதீங்க. இன்னைக்குக் கேட்டா மரியாதைக்குன்னு ஒரு பதில் சொல்லிருவேன். அது உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

புட்டியைத் தானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் போகிற மாதிரி லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆள் நகர்ந்து வந்து, "ரெண்டு" என்றார்.

"இல்ல."

"இருக்கே, அதோ."

"அது சரக்கு இல்லைங்க." குன்ஸோ மேசையிலிருந்த புட்டிகளைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார். "விக்கிறதுக்கில்ல. போங்க."

"மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அக்காள் மகள்.

"எத்தனை பேர் வாங்கிட்டுப் போனாங்கன்னு நினைவு இருக்கா? எந்தப் பக்கம் போனாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு கூட்டத்துல!"

பெட்டிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, பணப்பையோடு தெருவில் இறங்கினார். விற்ற சரக்கைத் திரும்ப வாங்கிய வழக்கம் அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இல்லை. அவருடைய அப்பா, ஓட்டைப் புட்டியைக் கொண்டுவந்து காட்டியவனிடம் இன்னொரு புட்டியை விற்று அனுப்பியவர்.

கோழிச் சட்டிக் கடைக்கு முன்னால் முதல் ஜோடி அகப்பட்டது. ஓசாகாக்காரர்கள். மனைவியின் பையில் நனைந்த கொக்கின் கழுத்து எட்டிப் பார்த்தது.

"அம்மா, கொஞ்சம்... அந்தப் புட்டியத் திருப்பிக் குடுத்துருங்க. பணம் இந்தாங்க. அது நல்லா இல்ல."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏன், இப்ப விலை ஏறிருச்சா?"

"இல்லம்மா. கெட்டுப்போனது. நான்தான் கெடுத்தேன்."

"நல்லாப் பேசறீங்க நீங்க" என்று கணவர் சிரித்தார். "மேடையில பாத்தோம். ரொம்ப ரசிச்சோம். எங்களுக்கு வேணும்ங்க, குடுக்க முடியாது."

குன்ஸோ எதைச் சொன்னாலும் இவர்களுக்கு அது விற்பனையாகத்தான் கேட்கும். ஆகவே பேச்சை விட்டுவிட்டு, நடுத்தெருவில், சிப்பிப் புகைக்கு நடுவே, இரண்டு கையையும் தொடையில் ஒட்டிவைத்து இடுப்பு வரை குனிந்தார். காலையில் குனிந்த பாதி அல்ல, முழுதும். அப்படியே நின்றார். சுற்றிலும் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், இருவர் படம் பிடித்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, அவருடைய கண்ணுக்கு நேரே தரையில் ஒரு புட்டி வந்து நின்றது.

"நிமிருங்க பெரியவரே" என்றாள் அந்தப் பெண், சிரிப்பில்லாத குரலில். "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

அவர் புட்டியை எடுத்துக்கொண்டு, பணத்தைக் கொடுத்து, இன்னொரு முறை குனிந்தார். ஒன்று ஆயிற்று. தெருக் கோடியில், ரயில் நிலையம் போகிற கூட்டத்தில், வேறொரு பையிலிருந்து கொக்கின் கழுத்து எட்டிப் பார்த்தது. அவர் ஓடினார்.