ஆறரைப் புள்ளி

வெர்னா ப்ரூயிட்டால் அன்று ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மகன் டேவியன் வெளியூரில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். அதைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று டேட்டன் நகரத்து மதுக்கடை ஒன்றுக்கு அவளைத் தம்பி ஓடெல் அழைத்து வந்திருந்தான்.

கடைசி நிமிடம். டேவியனின் கல்லூரி அணி ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்தது. எதிரணியில் ஒருவன் தூரத்திலிருந்து வீசி மூன்று புள்ளி எடுத்தான்; வித்தியாசம் ஆறாகக் குறைந்தது. ஓடெல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏன்டா? நாமதானே ஜெயிக்கிறோம்?"

"ஜெயிச்சா மட்டும் பத்தாதுக்கா. ஆறரைக்கு மேல வித்தியாசம் வேணும்."

"அரைப் புள்ளி எவன்டா குடுக்கறான்?"

"எவனும் குடுக்க மாட்டான். நம்ம டீம் பலமான டீம். சும்மா ஜெயிக்கும்னு பந்தயம் வச்சா எல்லாரும் நம்ம பக்கமே கட்டுவாங்க. அதனால நம்ம புள்ளியில ஆறரையக் கழிச்சுட்டுதான் பாப்பாங்க. ஏழுல ஜெயிச்சா காசு. ஆறுன்னா போச்சு. ரெண்டும் சமமாயிடக் கூடாதுன்னுதான் அந்த அரை."

"என் புள்ள ஆட்டத்துலயா பந்தயம் கட்டுன?"

"அவனை நம்பித்தான்கா கட்டுனேன்!"

பன்னிரண்டு விநாடி. பந்து டேவியன் கையில். எதிரணி தோல்வியை ஒப்புக்கொண்டு விலகி நின்றது. கூடைக்குப் போகும் வழி திறந்தே கிடந்தது.

"போடுடா! போடு!" கடை முழுக்கக் கத்தியது.

அவன் போடவில்லை. தோற்றவர்களை மேலும் நோகடிக்க விரும்பாமல் நின்ற இடத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. ஆறு புள்ளியில் வெற்றி.

பக்கத்து மேசைக்காரன் கோப்பையை ஓங்கி வைத்தான். "உருப்படாத பய!"

வெர்னா அவன் முன்னால் போய் நின்றாள். "அது என் மகன். ஜெயிச்சிருக்கான், தெரியுமா?"

அவன் காசை மேசையில் போட்டுவிட்டு எழுந்து போனான்.

அரை மணி நேரத்தில் டேவியன் அழைத்தான். "அம்மா, முன்னப்பின்ன தெரியாதவங்கள்லாம் செய்தி அனுப்பறாங்க. என்னால பந்தயக் காசு போச்சாம், காலை உடைப்பேங்கறான் ஒருத்தன். மாமா பக்கத்துல இருக்காரா?"

வெர்னா தொலைபேசியை இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மாமா, வியாழக்கிழமை என் கணுக்கால் எப்படியிருக்குன்னு கேட்டீங்களே. பந்தயத்துக்காகத்தானா?"

ஓடெல் பந்தயச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"ஆட்டக்காரன் காயத்தைப் பத்திப் பந்தயம் கட்டறவங்ககிட்ட சொல்லக் கூடாது. தெரிஞ்சா என்னை டீமை விட்டே தூக்கிடுவாங்க மாமா. அக்கறையில கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை டேவியனே பயிற்சியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னான். விசாரித்தார்கள், மூன்று ஆட்டம் வெளியே உட்காரவைத்துவிட்டு மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஓடெல் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான். வெர்னா மன்னித்தாள். டேவியன் இன்னும் அவன் அழைப்பை எடுப்பதில்லை.

இப்போது வெர்னா அரங்கத்துக்கே போய்விடுகிறாள். அணி முன்னிலையில் இருந்தாலும் அவளுக்கு நிம்மதியில்லை. சுற்றியிருப்பவர்கள் கை தட்டும்போது, இவர்களில் எத்தனை பேர் வித்தியாசத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.