இரண்டு டன் நூற்று நாற்பது கிலோ

நவம்பர் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, மூன்றாம் பாடவேளையில், நடுநிலைப் பள்ளியின் முதல் மாடியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெஞ்சோடு சேர்ந்து தரைக்குள் நான்கு விரற்கடை இறங்கினாள். என்ன ஆயிற்று என்று கணக்கு ஆசிரியர் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். சொன்னதும் இன்னொரு விரற்கடை இறங்கினாள்.

பள்ளி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும், நாலு எண்ணி மூச்சை இழுத்து நாலு எண்ணி விடும்படி அச்சிட்ட அட்டையும் கொடுத்தார்கள். மூச்சை விடும்போது அவள் மூன்று கிலோ குறைந்தாள்; சக மாணவிகள் தள்ளிப்போய் உட்கார்ந்ததும் ஐந்து கிலோ கூடினாள். பந்து முதல் நாளே அப்பளம்போல் தட்டையாகிவிட்டது. டாக்டர் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்து, அவள் படுத்ததில் உடைந்த கட்டிலுக்கு மட்டும் வருத்தப்பட்டார்.

அவள் அம்மாவுக்கு லாரி எடைமேடையில் வேலை. காலி வண்டியை ஒருமுறை, சரக்கேற்றிய வண்டியை ஒருமுறை நிறுத்தி, வித்தியாசத்தைச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பது பதினாறு வருஷத் தொழில். கிரேன்காரரைக் கெஞ்சி மகளை மேடையில் இறக்கி நிறுத்தினாள். போன வருஷ மருத்துவ அட்டையில் இருந்த முப்பத்து நான்கு கிலோவை வெறும் எடையாகப் போட்டாள். சரக்கு: இரண்டு டன் நூற்று நாற்பது. என்ன சரக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டு, சீட்டைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் வைத்தாள்.

தலைமையாசிரியை அசரவில்லை. மனநலக் கோப்பை எடுத்து, ஜூன் மாதத்தில் பிள்ளைகள் பூர்த்தி செய்த படிவத்தைக் காட்டினார். உங்கள் மனதில் என்ன பிரச்சினை என்ற கேள்விக்கு மகள் தன் கையெழுத்தில், 'ஒன்ருமில்லை' என்று எழுதியிருந்தாள். அம்மா அடுத்த படிவத்தைப் புரட்டினாள். அதற்கடுத்ததையும். நாற்பது பிள்ளைகள், நாற்பது கையெழுத்து, எல்லாவற்றிலும் அதே சின்ன ரு.

"எப்படி மேடம் நாப்பது பேரும் ஒரே தப்பு பண்ணுவாங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன் நேரம். கிளாஸ் டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்க, பசங்க பார்த்து எழுதினாங்க. எல்லா ஸ்கூல்லயும் நடக்கிறதுதான்."

"அப்போ கேள்வி மட்டும் எதுக்கு? அதையும் அழிச்சிருக்கலாமே."

பள்ளியின் மனநல ஆலோசகர் அறை எங்கே என்று அம்மா கேட்டாள். பூட்டியிருந்தது. உள்ளே உத்தரம்வரை பழைய விடைத்தாள் கட்டுகள். மாதம் ஒருமுறை வரும் ஆலோசகர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாராம். அம்மா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சாவி வராததால் பூட்டை உடைத்தாள், கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைமையாசிரியையின் அறைக்குள் அடுக்கினாள். நாற்காலி மறைந்து, மேஜை மறைந்து, கடைசியில் தலைமையாசிரியையின் குரல் மட்டும் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து போலீசைக் கூப்பிடுவேன் என்றது.

"கூப்பிடுங்க. அவங்களும் வந்து இவளைத் தூக்கிப் பார்க்கட்டும்."

போலீஸ் வரவில்லை. ஆலோசகர் வந்தார்; தன் சொந்த விடுப்பில், புதன்கிழமைதோறும். முதல் நாள் மகள் நான்கு முறை ஒண்ணுமில்ல என்றாள். அவர் மறுக்கவில்லை, தூண்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. ஐந்தாவது முறை வாயைத் திறந்தவள், வகுப்புப் பிள்ளைகளின் போன் குழுவில் நடந்த ஓட்டெடுப்பைப் பற்றிச் சொன்னாள். யார் இல்லாவிட்டால் வகுப்பு நன்றாக இருக்கும் என்பது கேள்வி. அவளுக்கு முப்பத்தொரு ஓட்டு. அந்த ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பத்து கிலோ இறங்கியது.

ஏப்ரலில் அவள் எடை மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. பஸ்ஸில் ஏற முடிந்தது. பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையை நடத்துநர் அவளுக்கென்று பிடித்து வைத்தார். அவள் வகுப்பில் மேலும் பதினொரு பேர் தரைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள், அவர்களில் ஆறு பேர் அவளுக்கு ஓட்டுப் போட்டவர்கள். ஆலோசகரை முழுநேரமாக நியமிக்கக் கேட்ட மனுவைக் கல்வித்துறை நிராகரித்தது. ஏழாம் வகுப்புக்கு ஒன்பது அங்குலக் கான்கிரீட் தளம் போட அனுமதி வழங்கியது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.