கூட்டிப்போனவர் பெயர்

ஆமோஸ் ரெவிட் வழக்கம்போல, சாணைக்காரர்கள் உட்காரும் மரக்குதிரையின் இருபுறமும் கால்போட்டு உட்கார்ந்தான். எதிரே சாணைக்கல் சுழன்றது. ரம்பத் தகட்டை அதன்மேல் வைத்து உடம்பின் பாரத்தை முழங்கையில் இறக்கினான். முதல் தீப்பொறி கல்லுக்கடியிலிருந்த தொட்டிக்குள் விழுந்ததும் தொட்டி வெடித்தது. கல் மூன்றாகப் பிளந்தது. ஒரு துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆமோஸ் உத்தரத்தில் மோதிக் கீழே விழுந்தான். பக்கத்துச் சாணைக்காரர்கள் ஓடிவந்து புரட்டியபோது, முகம் இருந்த இடத்தில் கறுப்பும் சிவப்புமாக ஏதோ இருந்தது. "யாராச்சும் விளக்க ஏத்துங்கப்பா" என்று அது கேட்டது. அப்போது காலை ஒன்பது மணி.

இதெல்லாம் 1859-ஆம் வருடத்து ஷெஃபீல்டு நகரச் செய்தித்தாளில் இருந்தது. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநரான லூயின் டங்வர்த் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பார். கண்ணிழந்த ஆமோஸ் அவருக்கு உறவில்லை. வெடிமருந்து வைத்தவன்தான் உறவு. ஜேபஸ் டங்வர்த், ரம்பச் சாணைக்காரன், லூயினின் தாத்தாவுக்குத் தாத்தா.

ஆமோஸ் செய்த குற்றம், சாணைக்காரர் சங்கத்தின் விதியை மீறி மூன்று பேரைத் தொழில் பழக வைத்திருந்ததுதான். அப்படிப்பட்டவனுக்கு முதலில் சாணையைச் சுழற்றும் வார்ப்பட்டை காணாமல் போகும். அடுத்து 'மேரி ஆன்' என்று பெண்பிள்ளைப் பெயரில் கையெழுத்திட்ட கடிதம் கதவிடுக்கில் வரும். அதற்கும் மசியாவிட்டால் வெடிமருந்து. ஜேபஸ் அதற்கு முன்பே இரண்டு பேரை மிதித்து விலா முறித்தவன். இந்தத் தடவை பதினைந்து வருடக் கடுங்காவல் கிடைத்தது.

இப்படியொரு பாவி தன் வம்சத்தில் இருந்தான் என்று தெரிந்தபோது லூயினுக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு வயது மகள் பிரையனி ஏதோ எதிர்த்துச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இன்று இருவருக்குமே நினைவில்லை. லூயினின் உள்ளங்கை அவள் இடது காதில் இறங்கியது. நாற்காலியோடு விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை அதே காதில் இன்னொரு முறை அடித்தார். தரையில் சிதறிக் கிடந்த உருளைக்கிழங்கின்மேல் ரத்தம் சொட்டியது. ஆஸ்பத்திரியில் அவர், "நிலவறைப் படியில விழுந்துட்டா" என்றார். அவளும் ஆமாம் என்றாள். அந்தக் காது போனது போனதுதான். அந்த வருடமே மனைவியும் அவரை விட்டுப் போய்விட்டாள்.

இப்போது பிரையனிக்கு ஆண்குழந்தை பிறந்து ஆறு வாரம். பேரனைத் தூக்க வரலாமா என்று லூயின் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "என் காதுக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல உன் வாயால சொல்லு."

அதைச் சொல்லத்தான் லூயின் காப்பகத் தாள்கள் அடங்கிய நீலக் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிரையனி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தொட்டில் சுவரோரம் இருந்தது. அவள் புருஷன் டெர்மட், சுவர்ப்பூச்சு வேலை செய்கிறவன், வாசற்படியில் கைகட்டி நின்றான்.

"இது என்னது?" என்றாள் பிரையனி, அவர் பிரித்த தாள்களைப் பார்த்து.

"நம்ம வம்சம். இவனப் பாரு, ஜேபஸ். ஒருத்தன் கண்ணு ரெண்டையும் பிடுங்கினவன். இது ரத்தத்துல வருது கண்ணு. நானா கேட்டு வாங்கினது இல்ல."

பிரையனி தாள்களை நிதானமாகப் புரட்டினாள்.

"அப்போ தொட்டில்ல கிடக்கானே, இவனுக்கும் இது உண்டா?"

லூயின் அதை யோசித்திருக்கவில்லை.

"உன் அப்பா, வால்ட்டர் தாத்தா, உன்ன ஒரு தடவயாச்சும் அடிச்சிருக்காரா?"

"இல்ல."

"அவருக்கு அப்பா?"

"அவரா? ஈ வந்தாக்கூட ஜன்னலத் திறந்து வெளிய அனுப்பற மனுஷன்."

"பரவால்லயே. எந்த ஸ்டாப்புலயும் நிக்காம நேரா உன் கைக்கு வந்து இறங்கியிருக்கு. உன் டிராம்கூட இவ்வளவு ஒழுங்கா ஓடினதில்லப்பா."

டெர்மட் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கை அசைந்தது லூயினுக்கே தெரியாது. அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை சுவரில் மோதிச் சிதறியது, சூடான தேநீர் தொட்டில் துணியில் தெறித்தது. குழந்தை வீரிட்டது. பிரையனி ஓடவில்லை, கத்தவில்லை. கேட்கிற காதை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அடுத்த நொடி டெர்மட்டின் முழங்கை லூயினின் கழுத்தை நெரித்துச் சுவரோடு அழுத்தியது. ஓங்கிய முஷ்டி அவர் காதை உரசிக்கொண்டு சுவரில் இறங்கிப் பூச்சைப் பெயர்த்தது.

"இன்னொரு தடவ கை அசைஞ்சுது லூயின், உங்க பல்ல நீங்களே பொறுக்கிக்கிட்டுப் போவீங்க."

"விடு டெர்மட்," என்றாள் பிரையனி குழந்தையைத் தூக்கியபடி. "தேநீர் இவன்மேல படல. கதவத் திற. அவர் போகட்டும்."

மறுநாள் கைக்கட்டோடு லூயின் காப்பகத்துக்கே போனார். உடைந்த கோப்பையின் சில்லு கிழித்த கை. மனம் மட்டும் இன்னும் மசியவில்லை. ஜேபஸுக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு அடிதடிக்காரனைக் காட்டிவிட்டால் போதும், மகள் வாய் அடங்கும். ஜேபஸின் மகன் லூக் அதற்கு ஏற்றவன் என்று நினைத்தார். வெடி வைத்தவன் வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறெப்படி இருக்கும்?

அங்கே பேனா கொண்டுபோகக் கூடாது. லூயின் பென்சிலை மறந்துவிட்டிருந்தார். மேசையிலிருந்த காப்பக ஊழியர் மிஸஸ் ஆக்ஸ்லி அவருடைய கைக்கட்டைப் பார்த்தாள். தன் பென்சிலையே சீவிக் கொடுத்தாள்.

"மறுபடியும் வெடிமருந்தா?"

"இல்ல. அவன் மகன் லூக். எத்தன தடவ உள்ள போனான்னு பாக்கணும்."

இரண்டு மணிநேரம் தேடினார்கள். நீதிமன்றப் பட்டியல், சிறைப் பட்டியல், பத்திரிகை, எதிலும் லூக் டங்வர்த் இல்லை. குடித்துவிட்டு ஜன்னலை உடைத்தான் என்றுகூட ஒரு வரி இல்லை.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றாள் அவள். "எட்டு மாசமா ஆம்பளைங்க பின்னாடியே கோர்ட்டு, ஜெயிலுன்னு ஓடுறீங்க. அப்பன் உள்ள போனப்போ இந்தப் பிள்ளைக்கு ரெண்டு வயசு. இவன் அம்மா எங்க?"

அடக்கப் பதிவேட்டில் இருந்தாள். 1860 ஜனவரி, இருபத்துநான்கு வயது, விஷக்காய்ச்சல்.

"அப்போ இவனுக்குச் சோறு போட்டது யாரு?"

எட்டு மாதத்தில் லூயின் ஒருநாளும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

அவள் உள்ளே போய் ஆதரவற்றவர்களைச் சேர்த்துக்கொண்ட ஏழை விடுதியின் சேர்க்கைப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். தேடிய பக்கம் சீக்கிரமே கிடைத்தது. லூக் டங்வர்த், வயது இரண்டு, தாய் இறப்பு, தந்தை சிறையில். குறிப்பு: முதுகிலும் தொடையிலும் பழைய காயங்கள். ஜேபஸ் கைநீட்டியது ஆமோஸிடம் மட்டும் அல்ல.

பதினோரு நாள் கழித்து அவன் வெளியே போனதாகப் பதிந்திருந்தது. கூட்டிப்போனவர் பெயர் என்ற கட்டத்தில் எழுத்தர் இப்படி எழுதியிருந்தார்: ஹெப்சிபா ரெவிட். சாணைக்காரர் ஆமோஸ் ரெவிட்டின் மனைவி. கணவர் பார்வையற்றவர்.

லூயின் மூன்று தடவை படித்தார்.

மிஸஸ் ஆக்ஸ்லி அடுத்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கை எடுத்தாள். வீட்டுத் தலைவர் ஆமோஸ், முப்பத்தொன்று, கடைசிக் கட்டத்தில் 'குருடு'. மனைவி ஹெப்சிபா. கீழே லூக், மூன்று. உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று முதலில் எழுதி, பிறகு அடித்து, 'வளர்ப்புப் பிள்ளை' என்று மேலே எழுதியிருந்தது. கணக்கெடுக்க வந்தவரிடம் மகன் என்று சொன்னது யாரோ, தெரியவில்லை. திருத்தியது அலுவலகம்.

லூக்கின் கல்யாணப் பதிவில் சாட்சியாக ஒரு கீறல் இருந்தது, வரியைத் தாண்டி வழுக்கிப்போன பெருக்கல் குறி. ஆமோஸ் ரெவிட், அவர் கைநாட்டு. அந்தக் கல்யாணத்தில் பிறந்த பையனுக்கு ஆமோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈக்கு ஜன்னல் திறந்துவிட்ட லூயினின் தாத்தா.

"புருஷன் கண்ணப் பிடுங்கினவன் பிள்ளை," என்றாள் மிஸஸ் ஆக்ஸ்லி மெதுவாக. "நானா இருந்தா அந்த விடுதிப் பக்கமே போயிருக்க மாட்டேன்."

"நானும்," என்றார் லூயின்.

அந்தப் பதினோரு நாளும் ரெவிட் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஹெப்சிபா ஜெபித்திருப்பாள். அழுதும் இருப்பாள். அந்தப் பிள்ளையின் மூக்கும் தாடையும் அவனுடைய அப்பாவை நினைவுபடுத்தாமல் இருந்திருக்காது. கை ஓங்க அவளுக்கு இருந்த காரணம் ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, அவள் ஓங்காமல் இருந்திருக்கிறாள். பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள், தலை துவட்டியிருக்கிறாள். கடவுள் பெரிய காரியங்களை இவ்வளவு சின்னதாக்கித்தான் மனிதர்கள் கையில் கொடுக்கிறார். ஜேபஸின் ரத்தம் அந்த வீட்டு வாசல்வரை வந்தது. உள்ளே போனது ஒரு குழந்தை.

லூயின் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். டெர்மட் திறந்து, முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தான். கோப்பு இல்லை. வழி விட்டான், ஆனால் பின்னாலேயே வந்தான். சமையலறைச் சுவரில் முஷ்டி பட்ட பள்ளம் இன்னும் பூசப்படவில்லை.

பிரையனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லூயின் மேசையைச் சுற்றிப்போய் அவளுடைய வலப்பக்கம், கேட்கிற காதுப் பக்கம், நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் போய் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் உன்ன அடிச்சேன். ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ நீ கீழ கிடந்த. நீ படியில விழுந்துட்டதா ஆஸ்பத்திரில பொய் சொன்னேன், உன்னையும் சொல்ல வச்சேன்."

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "யாரு ரத்தத்துல வந்தது?"

"அவங்கள விடு. கை என்னோடது." கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். "போன வாரமும் நான்தான்."

குழந்தை ஏப்பம் விட்டது. பிரையனி அதன் வாயைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"கையக் கழுவிட்டு வா," என்றாள் பிறகு. "சோப்பு போட்டு. பிள்ளைய உக்காந்துதான் வாங்கணும். டெர்மட் பக்கத்துலயே இருப்பான்."

"இருக்கட்டும்," என்றார் லூயின். குழாயடிக்குப் போய்க் கைக்கட்டை அவிழ்த்தார். காயத்தில் சோப்பு எரிந்தது. விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார்.