அண்ணியோட பித்தப்பை

அண்ணியோட வைத்திய அட்டையை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா வயித்துவலி என்ன, காகிதம் இருக்கா இல்லையான்னு விசாரிச்சுட்டா வருது?

அண்ணிக்கு இந்த நாட்டுல இருக்கறதுக்கு எல்லாக் காகிதமும் உண்டு. எனக்கு ஒண்ணும் கிடையாது. ரெண்டு வருஷமா அவங்க பேர்லதான் சலவைக்கூடத்துல வேலை பாக்கறேன். அந்த ஆஸ்பத்திரியோட படுக்கை விரிப்பெல்லாம் எங்ககிட்டதான் வெளுக்க வரும். மேஸ்திரி அண்ணி பேரைச் சொல்லிக் கத்தினா நான் திரும்புவேன். பழகிப்போச்சு.

ஒரு வாரமா வலது விலாவுக்குக் கீழ சுருக்கு சுருக்குன்னு குத்து. எதைத் தின்னாலும் வாந்தி. பிடிச்சு ஊருக்கு அனுப்பிட்டா என்ன பண்றதுன்னு எனக்கு உதறல். அண்ணி அசரவே இல்ல. பஸ்ஸுல வழி முழுக்கப் பாடம் நடத்தினாங்க.

"பிறந்த தேதி?"

சொன்னேன்.

"பிள்ளைங்க?"

"ரெண்டு. ரெண்டும் சுகப்பிரசவம்." எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.

"சமத்து" ன்னாங்க.

ஆஸ்பத்திரியில அட்டையை வாங்கிப் பாத்துட்டு உள்ள படுக்கச் சொன்னாங்க. விரிப்போட ஓரத்தைப் பாத்தா என் மடிப்பு. கொஞ்சம் தைரியம் வந்துச்சு. டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயித்துல உருட்டினாங்க, கம்ப்யூட்டரைப் பாத்தாங்க, மறுபடியும் உருட்டினாங்க.

"உங்க பித்தப்பையை எடுத்து ஆறு வருஷம் ஆச்சுன்னு இதுல இருக்கே?"

நான் அண்ணியைப் பாத்தேன். அண்ணி சுவத்தைப் பாத்தாங்க.

"ஆமாங்க" ன்னேன்.

"அப்போ இது என்ன? ஜம்முனு உள்ள உக்காந்திருக்கு. கல்லு வேற."

"திரும்ப வளந்திருக்கும்" ன்னாங்க அண்ணி. "எங்க வீட்டுல எல்லாருக்கும் நகம்கூட சீக்கிரம் வளரும் டாக்டர்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாங்க. திரும்பி வந்தப்போ முகத்துல சிரிப்பு இல்ல.

"கல்லு அடைச்சிருக்கு. நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும். இந்த அட்டைக்காரங்களுக்குப் பண்ண முடியாது, எடுக்கறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அதோட இதுல இருக்கறது அவங்க ரத்த வகை. அதை நம்பி உங்களுக்கு ரத்தம் ஏத்தினா உயிரே போயிடலாம்."

நான் சட்டுன்னு எழுந்து செருப்பைத் தேடினேன். டாக்டரம்மா தடுத்தாங்க.

"காகிதம் இல்லாதவங்களுக்கும் இங்க வைத்தியம் உண்டும்மா. கீழ அஞ்சாம் நம்பர் ஜன்னல். பேரும் வயசும் சொன்னாப் போதும். யாரையும் பிடிச்சுக் குடுக்கறது எங்க வேலை இல்ல."

வெளிய வந்ததும் அண்ணிகிட்ட பொரிஞ்சு தள்ளிட்டேன். "ஒரு வாரமா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேனே, இப்படி ஒரு ஜன்னல் இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எதுக்குடி தெரியணும்? என்கிட்டதான் அட்டை இருக்கே."

"பித்தப்பையை எடுத்ததையாவது சொல்லியிருக்கலாமே."

"மறந்துட்டேன்" ன்னாங்க. உடம்புல ஒரு உறுப்பையே காணோம், மறந்துட்டாங்களாம்.

ஜன்னல்ல இருந்த அம்மா "பேரு?" ன்னு கேட்டாங்க. அண்ணி பேரை ஆரம்பிச்சேன். இடுப்புல நறுக்குன்னு ஒரு கிள்ளு. அப்புறம் என் பேரைச் சொன்னேன். நாக்குக்கே கூச்சமா இருந்துச்சு. எழுதிக்கிட்டு உக்காரச் சொன்னாங்க.

உக்காந்தோம். கொஞ்ச நேரத்துல நர்ஸம்மா வந்து ஒரு பேரைக் கூப்பிட்டாங்க. யாரும் எழுந்திரிக்கல. மறுபடி கூப்பிட்டாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. எந்த மகராசி இவ, காதுல பஞ்சா வெச்சிருக்கா, பாவம் அந்த நர்ஸம்மா எத்தனை தடவைதான் கூப்பிடுவாங்கன்னு சுத்திமுத்தும் பாத்தேன்.

அண்ணி என் கையைப் பிடிச்சாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு.

"நீதான்டி அது" ன்னாங்க.